ஞாயிறு மட்டும் போதுமா?

சங்கரன்கோவிலில் ஆடித் தபசு என்றால் சுற்றுவட்டாரமே திரண்டு வரும். அரியும் அரனும் ஒன்று என்பதைக் கண்ணாரக் காண வேண்டும் என்று கோமதி அம்மன் தவமிருந்த தலம் இது. சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்கள், "என் சாமிதான் பெரியவர்", "இல்லை, என் சாமிதான்" என்று வாதாடிக் கடைசியில் அம்மனிடம் வந்து நின்றார்கள் என்பது தலவரலாறு. கதையை நம்புகிறவர் நம்பட்டும், நம்பாதவர் விடட்டும். ஆனால் இந்த ஊர்க்காரருக்கு ஒரு விஷயம் ஊறிப் போயிருக்கிறது. பக்தி என்று சொன்னால் மட்டும் போதாது, அதற்காக உடம்பு கொஞ்சம் நோக வேண்டும்!

ஆகவே, இவ்வூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வாழும் கிறிஸ்தவ அன்பர்களை அயலார் எதைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? குருவானவரின் பிரசங்கத்தைக் கொண்டா? அதை அயலார் கேட்பதே இல்லை. பாட்டைக் கொண்டா? ஒலிபெருக்கி புண்ணியத்தால் அது எல்லார் காதிலும் விழுகிறது. ஆயினும் அதை வைத்து யாரும் எடை போடுவதில்லை. பூ மார்க்கெட்டில் தராசு எப்படி நிற்கிறது, தறிக்கூடத்தில் கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா, கல்யாணத்துக்கு எத்தனை பவுன் கேட்டார்கள் — இவற்றைத்தான் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம் ஒருவர் கிறிஸ்தவராக இருப்பது பெரிய காரியமல்ல. திங்கட்கிழமை காலையில் கடையைத் திறக்கும்போது அவர் யார் என்பதுதான் கேள்வி.

இதைச் சொன்னவுடனே சிலர் வேதத்தைப் புரட்டுவார்கள். "இரட்சிப்பு விசுவாசத்தினால்தான், நற்கிரியைகளால் அல்ல" என்பார்கள். வாஸ்தவம். ஐரோப்பாவையே இரண்டாக்கிய வாதம் அது. மார்ட்டின் லூத்தர், கிரியைகளை வற்புறுத்தும் யாக்கோபின் நிருபத்தை 1522-இல் வைக்கோல் என்றே எழுதிவிட்டார்! ஆனால் அதே வேதத்தில் சகேயு என்றொரு குள்ள மனிதரும் இருக்கிறார். வரி வசூலித்துப் பணம் சேர்த்தவர். இயேசு அவர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. சகேயு தாமாகவே எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலு மடங்காகத் திரும்ப என்று கணக்கைத் தீர்த்தார். விசுவாசம் வந்ததும் முதலில் திறந்தது அவருடைய பணப்பெட்டி! இதைப் பற்றி நம் ஊரில் பிரசங்கங்கள் வருகின்றன. பெரும்பாலும் அவர் மரத்தில் ஏறிய வேடிக்கையோடு நின்றுவிடுகின்றன.

கூடாரத்தில் குடியிருந்தவர்

இந்தச் சீமைக்கு இது புதுப் பாடமல்ல. தாமஸ் ராக்லண்டு என்பவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் தேர்ந்தவர். அங்கே ஒரு கல்லூரியின் ஆய்வாளர் பதவியும் வகித்தவர். சென்னையில் மிஷன் காரியதரிசியாகக் கௌரவமான உத்தியோகம். அதை விட்டுவிட்டு 1854-இல் திருநெல்வேலிச் சீமையின் வடபகுதிக்கு வந்தார். தோழர்களோடு கூடாரத்தில் தங்கி, கிராமம் கிராமமாக நடந்தார். கரிசல் காட்டு வெயில் எப்படிப்பட்டது என்பது சங்கரன்கோவில் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நான்கு ஆண்டுகளில், 1858 அக்டோபரில், சிவகாசியில் காலமானார். வயது நாற்பத்து மூன்று.

அவர் அந்நியர்; மிஷனரி; அவருக்கு அதுதான் தொழில் என்று சொல்லிவிடலாம். நம்மவர் என்ன செய்தார்கள்?

பொன்னம்மாள் கதை

டோனாவூர் என்ற பெயரைத் தென்பாண்டிச் சீமையில் அறியாதவர் இல்லை. அயர்லாந்திலே 1867-இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே பெற்றோரற்ற பிள்ளைகளுக்கும் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கும் தாயாக வாழ்ந்து, 1951 ஜனவரியில் கண் மூடினார். 1931-இல் விழுந்து அடிபட்டபின் இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையறையிலேயே கழித்தார். அவரைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அவர் பக்கத்திலே நின்ற தமிழ்ப் பெண்ணைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் பொன்னம்மாள். இளம் விதவை. ஏமி அம்மையார் மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்று பெண்களிடம் பேசிய காலத்தில், கூடச் சென்ற சிறு கூட்டத்தில் அவரும் ஒருவர். அந்த நாளில் பெண்ணின் நகை அவளுடைய சொத்து மட்டுமல்ல, குடும்பத்தின் மானம். காதும் கழுத்தும் வெறிச்சென்று ஒரு பெண் வெளியே வந்தால், "ஐயோ, வீட்டில் என்ன கேடு?" என்று கேட்பார்கள். கிறிஸ்தவர்களானாலும் அதில் மாற்றமில்லை. பொன்னம்மாளும் நகை அணிந்துதான் ஊழியத்துக்குப் போனார்.

ஒரு நாள் கூட்டத்திலிருந்த ஒரு சிறு பெண் தன் தாயிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. பெரியவளானால் தானும் இந்தக் கூட்டத்தில் சேரப் போவதாகச் சொன்னாள் குழந்தை. ஏன் தெரியுமா? அந்த அக்காளைப் போல நகை போட்டுக்கொள்ளலாமே!

அன்றைய பிரசங்கம் முழுவதும் அந்தக் குழந்தையின் மனதில் பதியவில்லை. பதிந்தது தங்கம். பொன்னம்மாள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. நகைகளைக் கழற்றி வைத்துவிட்டார். நகை கூடாது என்று எந்தச் சபையும் சட்டம் போட்டிருக்கவில்லை. அதனால்தான் இதைப் பெரிதாகச் சொல்கிறோம். கட்டளைக்குப் பயந்து கழற்றியிருந்தால் அது வெறும் ஒழுங்கு. இது அவர் தம்மைத் தாமே விசாரித்துத் தீர்ப்பெழுதிக்கொண்டது. பிறகு மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். உறவினர்கள் மத்தியில் ஏச்சுக்கும் பேச்சுக்கும் குறைவில்லை. ஆனால் ஒரு சௌகரியமும் வந்தது: கொள்ளை போவதற்கு ஒன்றுமில்லாதபடியால் இருட்டிலும் பயமின்றி வண்டி கட்டிப் போக முடிந்தது!

கதை இதோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டோம். நகையைக் கழற்றுவது ஒரு நாள் வேலை. அதற்குப் பின் வந்ததுதான் கடினமான பாகம்.

1901-இல் கோவில் சேவைக்கு விடப்பட இருந்த ஒரு ஏழு வயதுச் சிறுமி தப்பி ஓடி வந்து ஏமி அம்மையாரிடம் அடைக்கலம் புகுந்தாள். பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டும் வழக்கம் அன்று நாட்டில் இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் போன்றவர்கள் போராடி, சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அந்தச் சிறுமிக்குப் பின்னே இன்னும் குழந்தைகள் வந்தார்கள். கைக்குழந்தைகளும் வந்தார்கள். அவர்களை யார் குளிப்பாட்டுவது? துணியை யார் அலசுவது? இரவெல்லாம் யார் விழித்திருப்பது? வேதப்பாடம் நடத்த வா என்றால் வரக்கூடிய படித்த பெண்கள், பீத்துணி துவைக்க வா என்றால் வருவார்களா? அது ஆயா வேலை. நம் சாதிக்கு அடுக்காது என்று ஒதுங்கியவர்கள் கிறிஸ்தவர்கள்தாம்! சீஷர்களின் காலைக் கழுவிய குருநாதரை வணங்குகிறவர்கள்தாம்!

பொன்னம்மாள் அந்த வேலைக்குக் கை நீட்டினார். நெய்யூரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சிசுக்களுக்காக ஓர் இல்லம் வைத்தபோது பொறுப்பு அவருடையது. அங்கே வயிற்றுக்கடுப்பு பரவி, கையில் வைத்துக் காப்பாற்றிய சிசுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. அத்தனையையும் தாங்கிக்கொண்டு, மிச்சமிருந்த குழந்தைகளைப் பிழைக்க வைத்தார். 1915-இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. ஏமி அம்மையார் அவரைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார்.

டோனாவூரில் நடந்ததெல்லாம் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டது என்று நாம் சொல்லவில்லை. குழந்தைகளை வைத்துக்கொண்டதற்கு வழக்குகள் வந்தன, "இது ஊழியமா, தாதி வேலையா?" என்று மிஷனரிகளே முணுமுணுத்தார்கள். அந்த வாதங்களுக்கு இரண்டு பக்கமும் உண்டு. பீத்துணி துவைத்த கைக்கு மறுபக்கம் ஏது?

பிடி அரிசி

இன்னொரு பெயர் வேதநாயகம் அசரியா. 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் எத்தனை காலம்தான் வெள்ளைக்காரர் பணத்தையும் வெள்ளைக்காரர் ஊழியத்தையும் எதிர்பார்த்து இருப்பது என்ற கேள்வி அவரைக் குடைந்தது. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆளும் நம்மவர், பணமும் நம்மவர் பணம், நிர்வாகமும் நம்மவர் நிர்வாகம் என்பது ஏற்பாடு. பணம் எங்கிருந்து வரும்? இந்தப் பக்கத்துச் சபைகளில் பிடி அரிசிக் காணிக்கை என்றொரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள் தாய்மார்கள். பனையேறிக் குடும்பங்களிலும் கூலி வேலை செய்யும் வீடுகளிலும் அந்த ஒரு பிடி என்பது வெறும் அடையாளமல்ல. அன்று இரவு யாருக்கோ ஒரு கவளம் குறையும்.

அசரியா மற்றவர்களை அனுப்பிவிட்டுத் தாம் வீட்டில் இருக்கவில்லை. வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில் நல்ல பதவியிலிருந்தவர், 1909-இல் குருப்பட்டம் பெற்று நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல்லுக்குப் போனார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு கற்றார். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மாலா, மாதிகா மக்களின் நடுவே வாழ்ந்தார். 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அதற்கு முன்பே, 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மாநாட்டில், மிஷனரிகள் எல்லாம் கொடுத்தீர்கள், சிநேகத்தை மட்டும் கொடுக்கவில்லை என்ற கருத்தை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். சபையில் சிலருக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்!

அசன நாளும் அடுத்த நாளும்

வெள்ளைக்காரரைக் கேட்ட அந்தக் கேள்வியை நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது கோழைத்தனம்.

திருநெல்வேலி மாவட்டத்தின் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கத்தோலிக்கக் கோவில், கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டு மண்டபங்களாக அமைந்தது. ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார் முதலானோர். பீடம் ஒன்று, மக்கள் இரண்டு! 1910-இல் குருவானவர் அந்தத் தடுப்பை எடுத்துவிட்டார். அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், அந்த வழக்கு தோற்றது.

சுவர் இடிந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. சாதி இடிந்ததா? நமது சபைகளில் அசனப் பண்டிகை என்றொரு அருமையான ஏற்பாடு உண்டு. மூட்டை மூட்டையாக அரிசி பொங்கி, ஒரே பந்தலில், ஒரே வரிசையில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து உண்பார்கள். பக்கத்தில் இருப்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. பார்க்கவே மனம் நிறையும். மறுநாள் அதே வீட்டில் கல்யாணப் பேச்சு. தரகர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி என்ன? நாளிதழ்களின் வரி விளம்பரப் பகுதியைப் புரட்டுங்கள். "கிறிஸ்தவ மணமகள் தேவை" என்று தொடங்கி, அடுத்த சொல்லிலேயே சாதி வந்து நிற்கும். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் இரண்டு வாசல்!

இதில் ஒரு விபரீதத்தையும் கவனிக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டின் அரசாணைப்படி, பட்டியல் சாதியில் பிறந்து கிறிஸ்தவராக வாழ்பவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் இடம் கிடைத்தது, கிறிஸ்தவருக்கு இல்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பது சட்டம் வைத்திருக்கும் எண்ணம். சட்டத்துக்கு இருக்கும் இந்த நம்பிக்கை சபைக்கு இருக்கக் கூடாதா? சலுகை கேட்டு ஊர்வலம் போவது நியாயமே, நாமும் ஆதரிப்போம். ஆனால் ஊர்வலத்தில் முன்வரிசையில் நடப்பவர், தம் மகனுக்குப் பெண் பார்க்கும்போது எந்தத் தெருவுக்குப் போகிறார்?

"காலம் மாறும், மெல்ல மெல்ல எல்லாம் சரியாகும்" என்பது சிலருடைய சமாதானம். பொன்னம்மாள் காலத்துக்குக் காத்திருக்கவில்லை. ஒரு குழந்தை சொன்ன ஒரு வார்த்தை அவருக்குப் போதுமாயிருந்தது.

நம்மிடம் ஒரு சிறு யோசனை இருக்கிறது. சேகரங்கள் ஆண்டுதோறும் அறிக்கை அச்சிடுகின்றன. காணிக்கை எவ்வளவு, அசனத்துக்கு அரிசி எவ்வளவு, கோபுரத்துக்கு வர்ணம் பூசிய செலவு எவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கணக்கு வருகிறது. அதோடு இரண்டு வரி சேர்க்கலாமே: இந்த ஆண்டு வரதட்சணை இல்லாமல் நடந்த திருமணங்கள் இத்தனை, சாதி பார்க்காமல் நடந்தவை இத்தனை. பெயர் வேண்டாம், எண் போதும். சேகரக் கமிட்டி அங்கத்தினர்கள் தங்கள் வீட்டிலிருந்தே தொடங்கட்டும். முதல் சில ஆண்டுகளுக்கு அந்த இடத்தில் பூஜ்யம் வரலாம், வந்தாலும் அச்சிடட்டும்.