மணற்கேணியும் மழைவடிகாலும்

கல்வி வளரும் இயல்புக்கு உவமை கூறப் புகுந்த திருவள்ளுவர் மணற்கேணியை எடுத்துக்கொண்டார். மணலைக் கையாற் பறித்து நன்னீர் கண்ட மக்களிடையே பிறந்த உவமை அது. நம் சென்னைக் கடற்கரை ஊர்கள் பலவும் இத்தகைய கேணிகளாலேயே நிலைபெற்றன. அவற்றுள் ஒன்று, திருவான்மியூருக்குத் தெற்கே, கிழக்கில் கடலும் மேற்கில் பக்கிங்காம் கால்வாயும் காக்க அமைந்த கொட்டிவாக்கம். அவ்வூரின் மணலை நம் நீர்த்துறையார் எவ்வாறு மதிக்கின்றனர் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நகரத்தின் முதல் நீர்வழங்கு நிலையமே மணலில் தோண்டிய கிணறுகள்தாம் என்பதை நம்மிற் பலர் மறந்துவிட்டனர். 1772-ஆம் ஆண்டில் கோட்டைக்கு நீரளிக்க அமைந்த ஏழுகிணறு இன்றும் ஒரு பகுதியின் பெயராய் வழங்குகின்றது. நகரம் பெருகப் பெருக, நீரைத் தேடிச் சென்ற தொலைவும் பெருகிற்று. 1872-இல் செங்குன்றம் ஏரி நீர் வந்தது. 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது. 1983-இல் செய்த உடன்படிக்கையின் பயனாகக் கிருஷ்ணை நீர் கண்டலேற்றிலிருந்து ஏறத்தாழ 177 கிலோமீட்டர் கால்வாய் வழியே 1996-இல் பூண்டியை அடைந்தது. 2004-இல் வீராணத்து நீர் இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட குழாய்வழியே வந்தது. பின்னர்க் கடல்நீரையே நன்னீராக்கும் ஆலைகள் மீஞ்சூரில் 2010-லும், நெம்மேலியில் 2013-லும், மீண்டும் அந்நெம்மேலியிலேயே 2024-லும் இயங்கத் தொடங்கின. இவற்றை ஆக்கிய பொறியியலாரின் திறமையை யான் குறைத்துக் கூறேன். இவை இல்லையேல் இந்நகரம் வாழாது. ஆயினும், தொலைவிலுள்ள நீரைக் கொணர்வதில் காட்டிய ஊக்கத்தில் பத்திலொரு பங்கேனும் காலடியிலுள்ள நீரைக் காப்பதிற் காட்டினரோ என்பதே என் வினா.

கொட்டிவாக்கத்து மணல் வெறும் மணலன்று. அது மூடியிட்ட ஓர் ஏரி. மழைநீர் மணலூடே இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் சிறிது இலேசானது. ஆதலின், கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநூலார் கண்ட கணக்கு. இதன் மறுபுறம் அச்சந் தருவது: மேலே ஓரடி குறையின், கீழிருந்து உவர்நீர் 40 அடி மேலேறும். தோண்டுந்தோறும் ஊறுவது மணற்கேணியின் இயல்பாயினும், கடலோரக் கேணிக்கு ஓர் அளவு உண்டு. அவ்வளவு கடந்தால் ஊறுவது உப்பேயாகும். ஒருமுறை உவர் புகுந்த நிலத்தை மீண்டும் நன்னீர் நிலமாக்கப் பல ஆண்டுகள் வேண்டும்.

இத்தகைய நிலத்திலே அரசாங்கத்தார் செய்யப் புகுந்தது யாது? ஜெர்மானிய வளர்ச்சி வங்கியின் நிதியுதவியோடு மாநகராட்சி வகுத்த கோவளம் வடிநில மழைநீர் வடிகால் திட்டம், கொட்டிவாக்கம், நீலாங்கரை, உத்தண்டி முதலிய மணற்பகுதிகளையும் தழுவிற்று. மழைநீரைக் கான்கிரீட்டு வாய்க்கால்களில் திரட்டி வெளியேற்றுவது அதன் கருத்து. மணல் தானே குடிக்கும் நீரைக் கடலுக்கு அனுப்புவானேன் என்று குடியிருப்போர் மறுத்தனர். வழக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றது. இதில் ஒரு வியப்பும் உண்டு. 2003-ஆம் ஆண்டில் வீடுதோறும் மழைநீரை நிலத்துள் இறக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியதும் இவ்வரசாங்கமே. வீட்டுக்கூரையின் நீர் மண்ணுக்கு உரியது, தெருவில் விழும் நீர் கடலுக்கு உரியது என்பது எந்த நூலின் விதி?

சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். சென்னையில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. 2,400 சதுர அடி கொண்ட ஒரு மனையின்மேல் விழும் மழை ஏறத்தாழ 3,12,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளாயின் இருபத்தாறு லாரி நீர். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயில்வண்டி 25 லட்சம் லிட்டர் நீர் சுமந்து வந்ததை நாடே வியந்து நோக்கிற்று. அது எட்டு மனைகளின்மேல் ஓராண்டில் விழும் மழைக்கு மேற்பட்டதன்று! வெயிலில் ஆவியாவது போக எஞ்சியதிற் பாதியை மணல் ஏற்பினும், நாம் இழக்கும் செல்வத்தின் அளவு தெளிவாம்.

அற்றேல், மழைக்காலத்தில் தெருவில் முழங்காலளவு நீர் நிற்கின்றதே, அதற்கு யாது செய்வது என்பார் உளர். அவர் கூற்றை இகழ்தல் தகாது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாத வெள்ளத்தைக் கண்ட ஊர் இது. கான்கிரீட்டு மூடிய தெருவில் நீர் தேங்குவது உண்மை. கால்வாய்க்கு அருகே தாழ்ந்த இடங்களுக்கு வடிகால் வேண்டுவதும் உண்மை. ஆயின் நீர் தேங்கியது மணலின் குற்றமன்று. மணலை மூடிய நம் குற்றம். அடித்தளம் திறந்த வடிகால்களும், தெருவோர உறிஞ்சு கிணறுகளும் அமைத்து, மண் கொள்ளாது மிஞ்சிய நீரை மட்டுமே கால்வாய்க்கு விடுதல் இரு தரத்தார்க்கும் நலம் பயக்கும்.

இது கனவன்று. ஹாலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் 1853 முதல் கடலோர மணல்மேடுகளிலிருந்து குடிநீர் எடுத்தனர். அளவு மீறி எடுத்தமையால் கீழிருந்து உவர் ஏறிற்று. அவர்கள் அம்மணலைக் கைவிட்டாரல்லர். 1957 முதல் ரைன் ஆற்று நீரைத் தூய்மை செய்து அம்மணல்மேடுகளிலேயே இறக்கி, மீண்டும் எடுத்துப் பருகி வருகின்றனர். நமக்கோ ஆற்றைக் கொணர வேண்டிய தேவையும் இல்லை. ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வானமே கொணர்ந்து தருகின்றது.

ஆதலின் ஆள்வோர்க்கு என் வேண்டுகோள் மூன்று. கடலோர மணற்பரப்பை ஏரிகளோடு ஒப்ப ஒரு நீர்த்தேக்கமாக எண்ணி, பூண்டியின் மட்டத்தை நாடோறும் அறிவிப்பதுபோல் கொட்டிவாக்கத்துக் கிணறுகளின் மட்டத்தையும் உவர்ப்பையும் அறிவித்தல் ஒன்று. நிலத்தடி நீரை வரைமுறைப்படுத்த 1987-இலேயே இயற்றிய சட்டத்தை ஏட்டளவில் விடாது, ஆழ்துளைக் கிணறுகளுக்கும் லாரிகளுக்கும் செயலளவில் பொருத்துதல் இரண்டு. வெள்ளம் வடிப்போரும் குடிநீர் தருவோரும் வெவ்வேறு அலுவலகங்களில் அமர்ந்து, ஒருவர் கொட்டியதை மற்றொருவர் விலைக்கு வாங்கும் நிலை ஒழிந்து, ஒரே நீர்க்கணக்கின்கீழ்ப் பணிபுரிதல் மூன்று.

பெரிய அணைகளுக்குத் திறப்புவிழா உண்டு, கல்வெட்டு உண்டு. மணலுள் இறங்கும் மழைக்கு விழாவுமில்லை, கல்வெட்டுமில்லை. அதனாலேயே அது மறக்கப்பட்டது போலும். நாளை பொறியியலாராகவும் ஆட்சியாளராகவும் செல்லவிருக்கும் நம் கல்லூரி நண்பர்களேனும், கண்ணுக்குப் புலப்படாத இவ்வேரியைத் தம் கணக்கேட்டில் முதல் வரியிலே எழுதுவாராக.