தூக்கு மச்சி... ஆனா பார்த்துத் தூக்கு!

செஞ்சிப் பக்கம் வளர்ந்த பசங்களுக்கு ரெண்டு ஆசை உண்டு. ஒண்ணு, தேசிங்கு ராஜா மாதிரி குதிரை. அது நடக்காதுன்னு தெரிஞ்சதும் ரெண்டாவது... ஒரு பழைய ஜீப்!

எங்க செட்டுல ஒருத்தன் வாங்கியே விட்டான். பாறையும் பள்ளமுமான ஊராச்சே! 'ரெண்டு இன்ச் தூக்கிட்டா கெத்து மச்சி'ன்னு ஒரு ஞாயித்துக்கிழமை வாசல்லயே ஸ்பேனரோட உட்கார்ந்துட்டோம். ஹேண்ட் பிரேக் போட்டு, ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில ஏத்தியாச்சு. நண்பன் அடியில போகக் குனிஞ்சான். ஜீப் மெள்ள நகர்ந்துச்சு. ஜாக்கி சாய்ஞ்சு, வண்டி 'தொம்'னு கீழே! ஒரு நிமிஷம் முன்னாடி அவன் உள்ளே போயிருந்தா... வேணாம், விடுங்க.

ஹேண்ட் பிரேக் போட்டும் ஏன் நகர்ந்துச்சு? 1941-ல் ராணுவத்துக்காக வந்த வில்லிஸ் ஜீப்பின் வாரிசுகள் பலதுல ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. பின்னால போற ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். ஒரு பின்சக்கரம் அந்தரத்துல இருந்தா, அது எதிர்ப்பக்கம் சுத்தும். தரையில இருக்கிறது ஜாலியா உருளும். அது டிஃபரன்ஷியல் வேலை!

அதனால, சமதரையில நிறுத்துங்க. தரையில இருக்கிற சக்கரங்களுக்கு ரெண்டு பக்கமும் கட்டை வைங்க. ஜாக்கி தூக்க மட்டும்தான். தாங்கறதுக்கு சேஸிஸுக்கு அடியில இரும்பு ஸ்டாண்டு வேணும். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் பொடிஞ்சிடும்.

சரி, தூக்கினா என்ன கிடைக்கும்? பிளேட் ஸ்பிரிங் ஜீப்ல ஷேக்கிளை ரெண்டு இன்ச் நீட்டினா, பாடி உசர்றது ஏறத்தாழ ஒரு இன்ச்தான். ஸ்டீயரிங் கோணம் மாறி வண்டி அலைபாயலாம். சக்கரம் பள்ளத்துல இறங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடும். ஷாஃப்ட் ஜாயின்ட் அதிரலாம். முக்கியமா, பாறையில முதல்ல இடிக்கிற அந்த டிஃபரன்ஷியல் உருண்டை ஒரு இன்ச் கூட உசராது! அதுக்குப் பெரிய டயர்தான் வழி. பாடி உசந்தா வண்டியோட எடையும் மேலே போகும். சரிவுல சீக்கிரம் கவிழும்.

சட்டமும் இருக்கு பாஸ். ஆர்.சி.யில இருக்கிற கம்பெனி விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு. ஸ்பேனர் எடுக்கும் முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அப்புறம், கோட்டைப் பக்கம் ஜீப்பைத் திருப்பற ஐடியாவே வேணாம். 2025-ல் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த இடம் அது. ராஜகிரிக்கு நடந்தே ஏறுங்க, மூச்சு வாங்கட்டும்!

நண்பனோட ஜீப்? இன்னும் கம்பெனி உசரத்துலதான் ஓடுது. பின்சீட்டுக்கு அடியில மட்டும் புதுசா ரெண்டு மரக்கட்டை.