அணைந்த போனும் எழுப்ப வேண்டும்

சித்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பதினெட்டு வருடமாகக் கணினியும் செல்போனும் பழுது பார்க்கிறேன். போன வாரம் பால் ஊற்றும் அக்கா ஒருவர் வந்து போனை மேஜையில் வைத்தார். "தம்பி, நாலு மணிக்கு அலாரம் வெச்சேன், அடிக்கவே இல்ல. பால் வண்டி போயிடுச்சு. பதினோரு லிட்டர்!" போனில் ஒரு பழுதும் இல்லை. ராத்திரி கரண்ட் இல்லாததால் சார்ஜ் தீர்ந்து அணைந்திருக்கிறது. அதோடு அலாரமும் போயிற்று.

பழைய நோக்கியா பட்டன் போனை அணைத்து வைத்தாலும் குறித்த நேரத்துக்கு அதுவே எழுந்து அடிக்கும். நிறுத்தினால், போனை ஆன் செய்யட்டுமா என்று கேட்கும்.

ஒவ்வொரு போனுக்குள்ளும் ஒரு சின்னக் கடிகாரச் சுற்று இருக்கிறது. அதன் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒரு நொடி. போன் தூங்கப் போகுமுன் இயங்குதளம் அடுத்த அலாரத்தின் நேரத்தை அந்தச் சுற்றில் எழுதிவிடும். நேரம் வந்ததும் சுற்று ஒரு சமிக்ஞை தரும், பிராசஸர் விழிக்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் திருமலையைச் சொல்லிப் புரியவைப்பேன். ஊரே உறங்கும்போது சந்நிதி கொல்லா எனப்படும் கோயில் இடையர் தீவட்டியோடு போய் அர்ச்சகரை அழைத்து வருவார். அதற்குப் பிறகுதான் சுப்ரபாதம், மார்கழியில் திருப்பாவை. அந்த ஒருவர் விழித்திருப்பதால்தான் கதவு திறக்கிறது.

கணினியில் இதே சுற்றை 3 வோல்ட் பொத்தான் பேட்டரி ஒன்று ஓட வைக்கிறது.

போன் அணைந்த பிறகும் இந்தச் சுற்று ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. லித்தியம் பேட்டரி முழுக்க வற்றினால் கெட்டுவிடும் என்பதால், பூஜ்யம் காட்டும்போதும் உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கும். அலாரம் குறித்திருந்தால் இரண்டு மூன்று சதவீதம் முன்னதாகவே அணைந்து, அதை எழுப்புவதற்கென்று ஒதுக்கி வைக்கலாமே! போன் எழுந்தாலும் கடவுச்சொல் பூட்டு திறக்காமல் அலாரம் எப்படி அடிக்கும் என்பார்கள். பூட்டு திறக்கும் முன்பே அலாரம் வேலை செய்ய 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7-லேயே வழி செய்துவிட்டார்கள். சில ஆண்ட்ராய்டு போன்கள் இன்றும் அணைந்த நிலையில் அடிக்கின்றன. ஐபோன் அடிப்பதில்லை.

ஆபத்துப் பொத்தான் இல்லாத போனை 2017 ஜனவரி 1 முதல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது. அணைந்தாலும் அடிக்கும் அலாரத்துக்கும் அப்படியொரு விதி வேண்டும். விடியலுக்கு முன் பால் கறப்பவர், முதல் பஸ் எடுப்பவர், திருப்பதிக்குப் பூக்கட்டி அனுப்புபவர் எல்லோரும் அந்த ஓசையை நம்பித்தான் படுக்கிறார்கள்.

அக்காவுக்கு என் அலமாரியில் கிடந்த பட்டன் போனில் பேட்டரி மாற்றி, நாலு மணி வைத்து, அணைத்தே கொடுத்தனுப்பினேன்.