அவன் எதைத் தேடினான்?



கடந்த கோடையில் ஒரு நாள் மாலை, நோயுற்றிருந்த பெரியவர் ஒருவரைக் காண்பதற்காகக் கிளியனூரிலிருந்து மரக்காணத்து உப்பளங்களை அடுத்த சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். திரும்பும் வழியில், உப்புக் குவியல்களின் அருகே பத்துப் பதினைந்து பேர் கூடி நின்று கூச்சலிடுவதைக் கண்டோம். நடுவில் இருபது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞன். சட்டை கிழிந்திருந்தது, முகத்தில் இரத்தமே இல்லை. ஒருவர் கையில் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"சாமி, இவன் ஒரு மணி நேரமாய்ச் செல்போனைப் பார்த்துப் பார்த்து வரப்பில் நடந்தான். பிறகு கல்லைப் புரட்டி இதை ஒளித்து வைத்தான்" என்றார் அவர்.

ஒற்றன் என்றார் ஒருவர். புதையல் தோண்டுபவன் என்றார் மற்றொருவர். "பிள்ளை பிடிக்க வந்தவன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அந்தச் சொல் காதில் விழுந்ததும் கூட்டம் ஓர் அடி முன்னே நகர்ந்ததை நாம் கண்ணாரக் கண்டோம்.

நாம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம். "தம்பி, நீ யார் வீட்டுப் பிள்ளை?"

அவன் நடுங்கும் குரலில் தன் பாட்டியின் பெயரைச் சொன்னான். இரண்டு தெரு தள்ளி வாழும் அம்மூதாட்டியை அங்கிருந்த அனைவரும் அறிவர். வெளிநாட்டில் வளர்ந்து விடுமுறைக்கு வந்திருந்த பேரன் அவன். ஓங்கிய கைகள் தாழ்ந்தன. டப்பாவைத் திறந்தோம். உள்ளே ஒரு சிறு குறிப்பேடு, ஒரு பென்சில், இரண்டு அயல்நாட்டு நாணயங்கள், ஒரு பொம்மைக் கார். அவ்வளவே!

அவன் ஆடிக்கொண்டிருந்தது ஒரு விளையாட்டு. அதன் பெயர் ஜியோகேச்சிங். செயற்கைக்கோள்களின் துணையால் இருக்குமிடத்தை அறியும் ஜி.பி.எஸ். என்னும் முறையை நம் மீனவச் சகோதரர்கள் நன்கறிவர்; நடுக்கடலில் வலை விட்ட இடத்துக்குத் திரும்ப வழிகாட்டுவது அதுவே. அமெரிக்க அரசு தன் பாதுகாப்புக் கருதி அந்த அலைகளில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. நூறு மீட்டர் வரை தவறிக்கொண்டிருந்த கருவி, ஏறத்தாழப் பத்து மடங்கு துல்லியம் பெற்றது. மே 3-ஆம் நாள் டேவ் அல்மர் என்பவர் ஆரெகன் மாநிலத்துக் காட்டில் ஒரு கறுப்பு வாளியை மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிட்டார். மூன்று நாள்களுக்குள் அது கண்டுபிடிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இவ்வாறு ஒளிந்து கிடக்கின்றன. கண்டுபிடிப்பவர் குறிப்பேட்டில் பெயரெழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும். பரிசு ஏதுமில்லை, தேடிய மகிழ்ச்சியே பரிசு.

தீங்கற்ற விளையாட்டுதான். ஆயினும் அறியாதவர் கண்ணுக்கு அது எப்படித் தோன்றும்? 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி நகரில், உணவுக் கடையொன்றின் அருகே வைக்கப்பட்ட இத்தகைய சிறு பெட்டியை வெடிகுண்டென்று அஞ்சித் தெருவையே அடைத்தார்கள். படையினர் வந்து அதை வெடிக்கச் செய்தார்கள்.

நம் கடற்கரையின் அச்சத்தையும் நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் கடல் வழியே, ஜி.பி.எஸ். கருவியின் துணையுடன் வந்தவர்கள். அதன் பின்னர் 'சாகர் கவச்' என்னும் பாதுகாப்பு ஒத்திகை நம் கரைகளில் நடத்தப்படுகிறது. புதியவர் எவரையேனும் கண்டால் தெரிவியுங்கள் என்று காவல்துறையே மீனவர்களைக் கேட்டுக்கொள்கிறது. ஆகவே, விழிப்புடன் இருந்த அந்த உப்பளத் தொழிலாளர்களை நாம் குறை கூறவில்லை. விழித்திருத்தல் குற்றமன்று. விழித்தவுடன் கை ஓங்குவதுதான் குற்றம்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அந்த இளைஞனுக்கு ஒரு பாட்டி இருந்தாள், பிழைத்தான். பாட்டி இல்லாத ஊரில் அவன் அகப்பட்டிருந்தால்?

இக்கேள்விக்கு விடை கற்பனையில் இல்லை. நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2018 மே மாதம், சென்னையிலிருந்து குலதெய்வத்தை வழிபடக் காரில் வந்த ஒரு குடும்பத்தினர், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில் வழி கேட்பதற்காக நின்றனர். அங்கிருந்த குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தனர். குழந்தை கடத்துபவர்கள் நடமாடுகிறார்கள் என்ற வதந்தி செல்போன்களில் பரவியிருந்த நேரம் அது. கூட்டம் திரண்டது. அக்குடும்பத்து மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். அதே நாள்களில் பழவேற்காட்டில் ஆதரவற்ற ஒருவரும் இதே ஐயத்தால் உயிரிழந்தார். குழந்தைக்கு இனிப்புத் தந்த கை கடத்தும் கையாகத் தோன்றியது. "நீங்கள் யார் வீட்டார்?" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் அந்தத் தாய் வீடு திரும்பியிருப்பார்.

கருவியோடு நடப்பவரைக் கண்டு ஐயுறுவது புதிய வழக்கமும் அன்று. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்னும் அதிகாரி, சென்னைப் பரங்கிமலையிலிருந்து இந்திய நாட்டை அளக்கத் தொடங்கினார். அந்த முக்கோண அளவை நம் கடற்கரைப் பகுதியைத் தொடர்ந்து கடலூர் வரை வந்தது. மலை மீதும் கோபுரத்தின் மீதும் தொலைநோக்கியோடு ஏறிய அளவையாளர்கள், பெண்டிர் வாழும் உள்வீடுகளை நோக்குகிறார்கள் என்று மக்கள் ஐயுற்றனர். ஆனால் அதே வரலாற்றில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. லாம்டனுக்காக இங்கிலாந்திலிருந்து வந்த, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை, ஏற்றி வந்த கப்பலோடு பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டு போயினர். இரு நாட்டுக்கும் தீராப் பகை. இருந்தும், அது அறிவியற் கருவி என்று அறிந்தவுடன், அதைச் சென்னைக்கே அனுப்பி வைத்தனர். பகைவனே பெட்டியில் இருப்பது இன்னதென்று அறிந்தபின் முடிவெடுத்தான் என்றால், சொந்த ஊராராகிய நாம் அதைச் செய்யலாகாதா?

விளையாடும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். இடத்துக்கு உரியவரின் இசைவின்றிப் பெட்டி வைக்கலாகாது என்பது அந்த விளையாட்டின் விதியே. உப்பளம் ஒருவருடைய வயிற்றுப்பாடு. இருட்டும் வேளையில் அங்குக் கல்லைப் புரட்டுமுன், அங்கே பாடுபடுவோரிடம் "ஐயா, இன்னது செய்கிறேன்" என்று சொல்வது மரியாதை மட்டுமன்று, உனக்கே காப்பு. அணைகள், படைத்தளங்கள், பள்ளிகள் ஆகியவற்றின் பக்கம் இந்த விளையாட்டே வேண்டாம். உரிய அனுமதி பெறாத செயற்கைக்கோள் தொலைபேசியை நம் நாட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுங்கள். புதியவரைக் கண்டால் முதலில் பெரியவர்களை அழைக்க வேண்டும். பெரியவர்கள் அவரை மரியாதையோடு விசாரிக்க வேண்டும். ஐயம் தீரவில்லையெனில் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். கடலோரப் பாதுகாப்புக்கென்றே 1093 என்னும் எண் உள்ளது. செல்போனில் வந்த செய்தியை நம்பி எவர் மீதும் கை வைக்கலாகாது.

பரங்கிமலை, ஐயம் கொண்ட திருத்தூதராகிய புனித தோமையாரின் நினைவைத் தாங்கி நிற்கும் மலை. அவர் ஐயுற்றதற்காக ஆண்டவர் அவரைத் தள்ளிவிடவில்லை. அருகே அழைத்துக் காயங்களைக் காட்டினார். அவரும் பார்த்தார், தெளிந்தார். ஐயுறுவோர் செல்ல வேண்டிய வழி அதுவே: அருகே செல்வது, பார்ப்பது, கேட்பது.

அந்த டப்பா இப்போது அந்தப் பாட்டி வீட்டுத் திண்ணையின் மாடத்தில், ஊரறிய இருக்கிறது. சென்ற வாரம் அதன் குறிப்பேட்டைப் புரட்டினோம். முதல் பெயர், அன்று டப்பாவை உயர்த்திப் பிடித்திருந்தவருடையது!