இலங்கையில் நடந்தது இங்கும் நடக்குமா?

‘‘சம்பா நடவு நேரத்தில் டி.ஏ.பி மூட்டைக்காக அலைய வேண்டியிருக்கிறது. உரத்தைத் தடை செய்ததால்தான் இலங்கை திவாலானது என்கிறார்கள். நம் நாட்டுக்கும் அந்த நிலைமை வருமா?’’
- வாசகர், சேத்தியாத்தோப்பு, கடலூர் மாவட்டம்.

உரத் தடையால் மட்டும் இலங்கை திவாலாகவில்லை. டாலர் பற்றாக்குறைதான் அடிப்படைக் காரணம். 2019-ம் ஆண்டின் கடைசியில் வரிகளைப் பெருமளவு குறைத்ததால், அரசின் வருமானம் சரிந்தது. அடுத்து வந்த கொரோனாவால் சுற்றுலா வருமானம் நின்றது. வெளிநாட்டுக் கடன்களுக்கான தவணை மட்டும் நிற்கவில்லை. இந்த நேரத்தில்தான், 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடையை விலக்கியும் பயனில்லை. பெரும்போக நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. அரிசியையும் டாலர் கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது.

தாய்லாந்தில் நடந்தது வேறு. அங்கு தனியார் நிறுவனங்கள் டாலரில் கடன் வாங்கி, மனைகளிலும் கட்டடங்களிலும் போட்டன. 1997 ஜூலையில் அந்த நாட்டு நாணயமான ‘பாட்’ சரிந்தது. ஒரு டாலருக்கு 25 பாட் என்றிருந்தது, ஆறே மாதத்தில் 50-ஐத் தாண்டியது. கடன் இரட்டிப்பானது. வருமானம் ஒரு நாணயத்தில், கடன் இன்னொரு நாணயத்தில் என்றால் வரும் ஆபத்து இது.

நம் நாடும் பட்டதுதான். 1991-ல் சில வார இறக்குமதிக்கு மட்டுமே டாலர் கையிருப்பு இருந்தது. ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்துச் சமாளித்தது. அந்த நெருக்கடி வயல் வரைக்கும் வந்தது. 1991 பட்ஜெட்டில் உர விலை உயர்ந்தது. 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களுக்கான விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. விலை குறைவான யூரியாவை விவசாயிகள் கூடுதலாகப் போட்டதால், சத்துகளின் சமநிலை கெட்டது.

இன்று இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 60,000 கோடி டாலருக்கு மேல் இருக்கிறது. அரசின் கடனில் பெரும்பகுதி ரூபாயில்தான். எனவே, இலங்கையைப் போல ஆகிவிடும் என்ற பயம் தேவையில்லை. ஆனால், பொட்டாஷ் முழுவதும் இறக்குமதிதான். டி.ஏ.பி-யும் அதன் மூலப்பொருள்களும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. உலகச் சந்தையில் தட்டுப்பாடு வந்தால், அது உள்ளூர் கடையிலும் தெரியும்.

இதற்கு விவசாயி செய்யக்கூடியவை:

● ஒரு மூட்டை (50 கிலோ) டி.ஏ.பி-க்குப் பதிலாக, 3 மூட்டை சூப்பர் பாஸ்பேட்டுடன் 20 கிலோ யூரியா சேர்த்தால், ஏறக்குறைய அதே அளவு தழைச்சத்தும் மணிச்சத்தும் கிடைக்கும். கந்தகச் சத்தும் கூடுதலாகக் கிடைக்கும்.

● சம்பாவுக்கு முன்பு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழவு செய்யலாம்.

● மண் பரிசோதனை செய்துவிட்டு உரம் வாங்குவது நல்லது. மணிச்சத்து போதுமான அளவு இருக்கும் நிலத்தில் செலவைக் குறைக்கலாம்.

● இயற்கை முறைக்கு மாற நினைப்பவர்கள், முதலில் அரை ஏக்கரில் தொடங்கி, விளைச்சலைப் பார்த்து விரிவாக்கலாம். ஒரே போகத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையே உதாரணம்.

கடனுக்கும் இதே கணக்குதான். கறவை மாடு வாங்கிய கடனைப் பால் அடைக்கும். வருமானம் தராத செலவுக்கு வாங்கிய கடனை நிலம்தான் அடைக்க வேண்டியிருக்கும்.