'வொர்க்கெட்' என்றால் உங்களுக்கு என்ன சிரிப்பு?

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் தங்கை ஒருத்தி, வீட்டின் முதல் பட்டதாரி. வேலைக்கான நேர்காணலில் 'ஐ வொர்க்கெட்' என்று தொடங்கினாள். எதிரே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதோடு அவள் வாயடைத்துப் போனாள். அவள் செய்த புராஜெக்ட் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

தோழர்களே, அந்தச் சிரிப்பைச் சும்மா விட முடியாது.

'வொர்க்ட்' என்பதுதான் இன்றைய உச்சரிப்பு. ஆனால் புத்தகத்தில் இருக்கும் இ, டி இரண்டு எழுத்தையும் பார்த்துப் படித்தால் 'வொர்க்கெட்' என்றுதான் வரும். அவள் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றவள். தாத்தா காலத்திலிருந்தே ஆங்கிலம் புழங்கும் வீட்டில் பிறந்தவர்கள் காதால் கற்றார்கள். காதில் தானாக விழுந்த பரம்பரைச் சொத்துக்குத்தான் 'தகுதி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு உண்மை. ஒருகாலத்தில் இங்கிலாந்திலேயே அந்த 'எட்' தனி அசையாக ஒலித்தது. அதைச் சுருக்குகிறார்களே என்று 1712இல் ஜோனதன் ஸ்விஃப்ட் எரிச்சலோடு எழுதினார். அன்று சுருக்கியது குற்றம்; இன்று சுருக்காதது குற்றம். எது சரி என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி.

அப்படியானால் கற்க வேண்டாமா? கட்டாயம் கற்போம். விதி மூன்றே மூன்று. தொண்டையில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். வினைச்சொல்லின் கடைசி ஒலியில் அதிர்வு இல்லையென்றால், 'பாட்டு' என்பதில் வரும் வல்லோசை 'ட்': வொர்க்ட், வாட்ச்ட், லாஃப்ட். அதிர்வு இருந்தால், 'வண்டி'யில் வரும் மெல்லிய 'ட்': கால்ட், லிவ்ட், ப்ளேய்ட். சொல்லே டி அல்லது டீ எழுத்தின் ஒலியில் முடிந்தால் மட்டும் 'இட்' என்று ஓர் அசை கூடும்: வான்டிட், நீடிட். எழுத்தை அல்ல, ஒலியைக் கவனியுங்கள்.

பத்து நிமிடப் பாடம். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் அவளுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராதவர்களுக்கு வெட்கமில்லை. அவள் மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

மாலை வகுப்பு நடத்தும் தோழர்கள் இந்த வாரமே இதைச் சொல்லிக் கொடுங்கள். நேர்காணலுக்குப் போகும் தம்பி தங்கைகளே, நாக்கு தடுமாறினாலும் பேச்சை நிறுத்தாதீர்கள். நம் வாயை அடைப்பதற்குத்தான் அந்தச் சிரிப்பு.