அடைக்கலமும் நீதியும்

வங்கதேச முன்னாள் பிரதமர் ஷேக் ஹசீனாவை உடனே ஒப்படைக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். அடைக்கலம் புகுந்தவரைக் கைவிடலாகாது என்பர் மறு சாரார். இரு கூற்றையும் நாம் மறுக்கிறோம்.

2024 மாணவர் கிளர்ச்சியின்போது 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்றது ஐ.நா. மனித உரிமை அலுவலகம். அரசியல் குற்றத்திற்கு விலக்களிக்கும் 2013ஆம் ஆண்டின் இந்திய-வங்கதேச ஒப்பந்தம், கொலையை அவ்விலக்கில் சேர்க்கவில்லை. எனவே அடைக்கலம் அவருக்கு அரணாகாது.

ஆயினும் 2025 நவம்பர் 17 அன்று டாக்கா தீர்ப்பாயம் அவருக்கு மரண தண்டனை விதித்தது, அவர் எதிரில் இல்லாமலேயே! வங்கதேசத்தாரும் நம் கம்பம் பள்ளத்தாக்கின் ராவுத்தர்களும் பெரிதும் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபோ, எதிரில் இல்லாதவர்மீது தீர்ப்பளிக்கக் காழிக்கு இடந்தருவதில்லை.

மரண தண்டனையை நீக்கி, அவர் முன்னிலையில் மறுவிசாரணை செய்வதாக உறுதி பெற்று ஒப்படைப்பதே முறை. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு நாம் வேண்டுவது, எவரும் குறைகூற இயலாத நீதி.